தூண் வழியே வந்த உறுமல்

அவளுக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். பதினோரு வருடம் அடுத்தவர்களின் ஒலிப்பதிவுக்கூடங்களில் வேலை பார்த்தவள். பாடுகிறவர் உதட்டை நனைத்துக்கொள்ளும் சத்தம்கூட அவளுக்குத் தப்பாது. சொந்தமாக ஒரு கூடம் வைக்கலாம் என்று துணிந்து, ஒரு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு அறைகளைப் பிடித்தாள். மரவேலை முழுவதும் அவளுடைய சித்தப்பா. கட்டிலும் அலமாரியும் செய்தே காலம் தள்ளிய தச்சர்.

“அறைக்குள்ள இன்னொரு அறையா? சட்டைக்கு மேல சட்டை போட்ட கதையா இருக்கே!” என்று முதல் நாள் சிரித்தார். ஆனாலும் குறை வைக்காமல் செய்தார். ரப்பர்க் கட்டைகள் பரப்பி, அவற்றின்மேல் மரத்தரை. சுவருக்குள் பஞ்சுப் பலகை. பாடுகிறவருக்கும் அவளுக்கும் நடுவே இரட்டைக் கண்ணாடி, ஒன்று நேராக, ஒன்று சற்றுச் சாய்வாக. கடைசியில் மிக்ஸரும் ஸ்பீக்கர்களும் வந்து இறங்கின. மைக்கை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. தலை நிற்காத குழந்தையைத் தூக்குவதுபோல் அவளே எடுத்து மாட்டினாள்.

முதலில் காலி அறையைப் பதிவு செய்து கேட்டாள். அடியில் ஓர் உறுமல். ஏழெட்டு நொடிக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு. இடம் பார்க்க வந்தபோது மூன்று மணி நேரம் பதிவு செய்து பார்த்திருந்தாள். அன்று இது இல்லை.

ஏசியை நிறுத்தினார்கள். மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, மடிக்கணினியின் பேட்டரியில் பதிவு செய்தார்கள். உறுமல் போகவில்லை. மூலைத் தூணில் காதை வைத்த சித்தப்பா, “இதுக்குள்ள ஓடுதும்மா” என்றார்.

மேல்வீட்டுக் கதவை ஒரு வயதான அம்மா திறந்தார். உள்ளே அவர் கணவர், ஒரு காலத்தில் ரயில் ஓட்டியவர், மூக்கில் மெல்லிய குழாயோடு உட்கார்ந்திருந்தார். குழாயின் மறுமுனையில், தூணை ஒட்டி, ஆக்ஸிஜன் இயந்திரம்.

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்து பத்து நாளாச்சு. இனி இது இல்லாம முடியாதாம்” என்றார் அந்த அம்மா.

கீழே ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பதை அவள் சொன்னதும், “கீழ கேக்குதா?” என்று ரயில்காரர் கேட்டார்.

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். “கொஞ்சம்” என்று வந்துவிட்டது.

“நல்ல பொருத்தம் போ. உனக்குச் சத்தம் வரக்கூடாது, எனக்கு மூச்சு நிக்கக்கூடாது.” சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்தது.

மீந்த ரப்பர்க் கட்டைகளைச் சித்தப்பா அந்த இயந்திரத்துக்கு அடியில் கொடுத்தார். இடம் மாற்றியும் வைத்தார்கள். உறுமல் பாதி குறைந்தது. மீதிப் பாதியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

புத்தகம் வாசித்துப் பதிவு செய்ய ஒரு பெண் ஏற்கெனவே நாள் குறித்திருந்தாள். அன்று காலை இவள், படியில் எதிர்ப்பட்ட மேல்வீட்டு அம்மாவிடம், “பதினோரு மணிக்கு ஆரம்பிக்கிறோம்மா” என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தாள். வாசிப்பு தொடங்கியது. வாக்கியங்களுக்கு நடுவே உறுமல் தலை காட்டியது. நாலாவது பக்கத்தில் அது சட்டென்று நின்றுபோனது.

ஹெட்போனில் அப்படியொரு அமைதி. அவள் ஆசைப்பட்ட அமைதி. ஒரு நொடி மனம் குளிர்ந்தது. மறுநொடி ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அந்த அம்மா மருந்து வாங்கப் போயிருந்தார். ரயில்காரர் சுவிட்சில் கை வைத்தபடி, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது.

“பத்து நிமிஷம்... தாங்கும்னு... முடிச்சிட்டியாம்மா?”

சுவிட்சைப் போட்டாள். குழாயைச் சரிசெய்தாள். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உங்களை யாருய்யா கேட்டா? யாரு கேட்டா?” என்றபோது குரல் உடைந்தது. உதட்டில் நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது.

கீழே கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் வரியில் விரலை வைத்துக் காத்திருந்தாள். “விட்ட எடத்துலேருந்து படிக்கவா?”

“இன்னிக்கு வேணாங்க.”

அந்தப் புத்தகம் வேறொரு கூடத்தில் பதிவாயிற்று. மற்றவர்கள் பதிவு செய்து அனுப்புவதைச் சீர்செய்து கொடுக்கும் வேலை மட்டும் இப்போது இவளுக்கு. மரத்தரை போட்ட உள்ளறை பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் சித்தப்பா வந்தார்.

“எல்லாத்தையும் பிரிச்சு வேற எடத்துல போட்டுத் தரேம்மா.”

“எங்க போடுவீங்க சித்தப்பா? அங்கேயும் மேல யாராவது இருப்பாங்கல்ல?”