எவாரிஸ்தோ வைத்த அஹியாகோ

எவாரிஸ்தோவின் மனைவி நோஹோரா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்விதான். காய்ச்சலில் போர்வைக்குள் முடங்கிக் கிடந்தவளிடம் போய் நின்று, "மதியத்துக்கு என்ன?" என்று கேட்டான் மனுஷன். ஊரெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஆளுக்கு எதை எப்போது கேட்பது என்று தெரிய வேண்டாமா? கல்யாணமான நாளிலிருந்து வீட்டு அடுப்பை ஒருமுறைகூடப் பற்றவைத்தவனில்லை.

காய்ச்சல் விட்டதும் அவள் கிளம்பிவிட்டாள். சண்டையில்லை, அழுகையில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. திரும்பி வருவாளா, மாட்டாளா என்பதே தெரியாமல் கிடந்தவன், கடைசியில் கொழுந்தியாள் பிளாங்காவைப் பிடித்து, "ஞாயித்துக்கிழமை மதியம் அவள சாப்பிட வரச் சொல்லு. நானே சமைக்கறேன். அஹியாகோ" என்று வாய்விட்டுவிட்டான்.

பொகோட்டாவில் பிறந்த நோஹோராவுக்கு அஹியாகோ என்ற கோழி, உருளைக்கிழங்கு சூப்பு என்றால் உயிர். எவாரிஸ்தோ கடற்கரைக்காரன், பர்ரான்கியாவில் பிறந்தவன். பொகோட்டாக் குளிரில் வாழ்ந்து தலை நரைத்த பிறகும் அதை 'நோயாளிக் கஞ்சி' என்று நக்கலடிப்பதை விட்டதில்லை. இப்போது அந்தக் கஞ்சிக்காகச் சந்தைக்குப் போய்க் கோழியும் சோளக்கதிரும் மூன்று வகை உருளைக்கிழங்கும் வாங்கிவந்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு ஒத்திகை பார்த்தான். கோழி வெந்தது, குவாஸ்காஸ் தழை வீடெல்லாம் மணத்தது, சூப்பு மட்டும் தண்ணீராக ஓடியது. பிளாங்காவைப் போனில் கூப்பிட்டான்.

"மஞ்சள் குட்டி உருளை போட்டீங்களா அத்தான்?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

"போட்டேனே. உடையறதுக்குள்ள முழுசு முழுசா எடுத்து வச்சுட்டேன். பாக்க அழகா இருக்கு."

அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு.

"கடற்கரைப் புத்தி போகுதா பாருங்க. அது கரையறதுக்குத்தான் அத்தான் போடறது. உங்க ஊர்ல சூப்பு கெட்டியாக வள்ளிக்கிழங்கு போடுவீங்கல்ல, இங்க அந்த வேலைய இதுதான் பாக்குது. கரைஞ்சு காணாமப் போகணும்."

"காணாமப் போச்சுன்னா, போட்டோமா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"இல்லாதப்ப தெரிஞ்சுதுல்ல? அக்கா வர்றா, வச்சுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை நோஹோரா வந்தாள். விருந்தாளி போல மேசையில் உட்கார்ந்தாள். அவன் ஆவி பறக்க இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுவந்தான். உட்காரப் போனபோதுதான் சூப்பின் மேலே ஊற்றிக்கொள்ளும் கிரீம் வைக்கவில்லை என்று நினைவு வந்தது. அதைக் கொண்டுவந்தால் கேப்பர் மொட்டு இல்லை. அதையும் வைத்தால் அவகாடோ நறுக்கவில்லை. பிறகு சோறு. அவள் அவனை உட்காரச் சொல்லவுமில்லை, எழுந்து உதவவுமில்லை. ஒருவழியாக அவன் ஸ்பூனை வாயில் வைத்தபோது சூப்பு ஆறி ஏடு கட்டியிருந்தது. எதிரே அவள் கிண்ணத்தில் பாதி காலி.

எவாரிஸ்தோ ஸ்பூனைக் கீழே வைத்தான். இத்தனை வருஷத்தில் அவள் தன்னோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு நாளை யோசித்துப் பார்த்தான். ஒன்றுகூட அகப்படவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நோஹோரா, நீ சூடா சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

"நீங்க திரும்பிப் பாத்திருந்தாத்தானே."

அவள் மிச்ச சூப்பையும் குடித்து, சோளக்கதிரை மென்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு கம்மி. மத்தபடி அஹியாகோதான்."

"அப்போ வீட்டுக்கு வந்துடறியா?"

"பெட்டி இப்போதைக்கு பிளாங்கா வீட்லயே இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை பீன்ஸ் வைங்க. முந்தின நாளே ஊறப் போடணும்."

"சரி."

அவள் காலிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. சூடா."

தன்னுடைய ஆறிய சூப்பை அப்படியே விட்டுவிட்டு அவன் அடுப்படிக்கு எழுந்து போனான்.