புகையின் மேல் போட்ட பழி

ஸ்ரீதருக்கு சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை. குடியிருந்ததும் அதன் மதிலுக்குப் பின்னால்தான். காற்று திரும்பும் நாட்களில் சோற்றில்கூட மருந்து வாடை அடிக்கும். பிறந்த பெண் குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருக்கிறது, இதயத்திலும் கோளாறு என்று டாக்டர்கள் சொன்னபோது, அவன் காரணம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தான்.

மாசமாக இருந்த புதிதில் தனக்குக் காய்ச்சலும் மேலெல்லாம் சிவப்புத் தடிப்பும் வந்ததை மனைவி வினோதினி தயங்கித் தயங்கிச் சொல்லிப்பார்த்தாள். தானாக இறங்கிப்போன தடிப்பை இப்போது ஏன் இழுக்கிறாய் என்று கணவன் அடக்கிவிட்டான். கடலூரில் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். பச்சைக் குழந்தையைக் குத்த வேண்டாம் என்று மறுத்தான். வேலையை விட்டான். கம்பெனி மேல் கேஸ் போட ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, மனைவியையும் குழந்தையையும் காட்டுமன்னார்கோயிலுக்கு, தன் அம்மா வீட்டுக்கு அழைத்துவந்தான்.

அங்கே அவன் தங்கை சந்திரலேகா இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள்; மசக்கை தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்தவள். குழந்தையை மடியை விட்டு இறக்க மாட்டாள். பால் வழியும் வாயை முந்தானையால் துடைப்பாள், மூத்திரத் துணியை அலசிப் போடுவாள். குழந்தை பிறந்த பிறகு வினோதினி முதன்முதலாக அங்கேதான் கண்ணசந்து தூங்கினாள்.

கண் ஆபரேஷனுக்காகச் சிதம்பரம் போனபோது டாக்டர் ஜான்சி ரத்தம் எடுக்காமல் விடவில்லை. முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ரூபெல்லா, ஜெர்மன் தட்டம்மை. தாய்க்கு அந்தத் தடிப்பைத் தந்த கிருமிதான் வயிற்றில் இருந்த பிள்ளையைத் தாக்கியிருக்கிறது.

"அப்ப அந்தப் புகை?" என்றான் ஸ்ரீதர்.

"புகையால எவ்வளவோ கெடுதல் வரலாம். இது அதனால வரல." சற்று நிறுத்திக் கேட்டார்: "வீட்ல மாசமா யாராச்சும் இருக்காங்களா? குழந்தையோட எச்சில்ல, மூத்திரத்துல இந்தக் கிருமி மாசக்கணக்கா இருக்கும். அவுங்க கிட்டயே வரக்கூடாது."

ஸ்ரீதர் வராந்தாவுக்குப் போய்த் தங்கைக்குப் போன் செய்தான். காலையிலிருந்து லேசாகக் காய்ச்சல், கழுத்தில் பொரிப்பொரியாக இருக்கிறது, வேர்க்குரு என்று பவுடர் போட்டிருக்கிறேன் என்றாள் அவள்.

அவள் ரத்தத்திலும் அதுவே இருந்தது. கரு பழுதில்லாமல் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டர்கள் விளக்கினார்கள். சந்திரலேகாவும் அவள் கணவனும் அழுது தீர்த்துவிட்டுக் கலைக்கச் சம்மதித்தார்கள். ஸ்ரீதரை யாரும் குறை சொல்லவில்லை. அவன்தான் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். வக்கீல் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

லேகா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, வினோதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக் கதவைச் சாத்தப் போனாள். லேகா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எனக்கு என்ன பயம், அண்ணி? குடுங்க."

வினோதினி கொடுத்தாள். லேகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். வாசலில் நின்ற அண்ணனை அவள் பார்க்கவில்லை. அவனும் உள்ளே வரவில்லை.