நட்சத்திரம் இல்லாத தாள்

ஜனவரி இரண்டாம் தேதி மத்தியானச் சாப்பாடு போய்கோ வீட்டில். இருபது வருஷமாக மாறாத வழக்கம் இது. எல்லோரும் மாவட்டக் கம்ப்யூட்டர் நிலையத்தில் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள். ஆரம்பத்தில் பதினாலு பேர் வந்தார்கள். பிறகு நிலையத்தை மூடினார்கள். சிலர் ஜெர்மனிக்குப் போனார்கள், சிலர் மண்ணுக்குப் போனார்கள். இந்த 2020-இல் மேஜையைச் சுற்றி மூன்றே பேர்: மெஷின்களை ரிப்பேர் பார்த்த வீட்டுக்காரன் போய்கோ, ஒரு காலத்தில் மேலதிகாரியாக இருந்த லிலோவ், புரோகிராம் எழுதிய மில்கா.

தேதிக்கும் காரணம் உண்டு. வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிப் பழகிய கம்ப்யூட்டர்களுக்கு 99 முடிந்து 00 வந்ததும் புத்தி பேதலித்துவிடும் என்று உலகமே நடுங்கியதே, அப்போது டிசம்பர் முப்பத்தொன்று காலையில் நிலையத்துக்குள் போனவர்களை இரண்டாம் தேதி மத்தியானம்தான் வெளியே விட்டார்கள். வந்து பார்த்தால் ஊர் வைத்தது வைத்தபடி இருந்தது. பசியோடு போய்கோ வீட்டில் நுழைந்து, மிச்சமிருந்த பனிட்சா என்கிற சீஸ் பலகாரத்தை வழித்துத் தின்றார்கள். வழக்கம் பிறந்த கதை அவ்வளவுதான்.

மில்காவுக்கு இந்த வருஷம் வர மனசே இல்லை. நேற்று விடிகாலை மகள் காலினாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மருத்துவமனை இதே ஊரில், பத்து நிமிஷ தூரத்தில்தான் இருந்தது. ஆனால் ஃப்ளூ பரவுகிறது என்று யாரையும் உள்ளே விடவில்லை. பேத்தியை போனில் போட்டோவாகத்தான் பார்த்திருந்தாள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் போய்கோவின் வாயைப் பார்க்கலாம் என்று கிளம்பி வந்துவிட்டாள்.

அது ஓயாத வாய். "ஞாபகம் இருக்கா சார்? லிஃப்ட் பாதியில நின்னுடும்னு அன்னைக்குப் பூரா எங்களை ஆறு மாடி ஏற வெச்சீங்க."

"நின்னிருந்தா யார் பதில் சொல்றது?" என்றார் லிலோவ்.

"அந்த லிஃப்ட் தொண்ணூத்தஞ்சுலயே நின்னு போச்சு சார். கதவுல போர்டு தொங்கிச்சு. நீங்கதான் அதுக்கும் பூட்டுப் போட்டு சீல் வெச்சீங்க."

மில்கா சிரித்துவிட்டாள். போய்கோவுக்கு அது போதும். தண்ணீர் நின்றுவிடும் என்று பயந்து அவன் மாமியார் குளியல் தொட்டியை நிரப்பியதும், சும்மா இருக்கும் தண்ணீரில் கெண்டை மீனை விட்டதும், பதினைந்து நாள் குடும்பமே குளிக்காமல் திரிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பன்னிரண்டு அடிக்கும்போது அவனே மெயின் சுவிட்சை அணைத்த கதை வழக்கம்போலக் கடைசியில் வந்தது.

"இவ போட்ட சத்தம் இருக்கே, எல்லை தாண்டி ருமேனியா வரைக்கும் கேட்டிருக்கும்."

"நீ மனுஷனாடா? அன்னைக்கு எனக்கு உயிரே போயிடுச்சு" என்றாள் மில்கா. சொன்னது உண்மை. அந்த டிசம்பர் மாதம் முழுக்க அவள் பயத்தில்தான் சாப்பிட்டாள், பயத்தில்தான் தூங்கினாள். இன்று இவர்களுக்கு அது சிரிப்பாகிவிட்டது. அவளுக்கு ஏனோ முழுக்கச் சிரிப்பாகவில்லை.

போன் அடித்தது. காலினா.

"அம்மா, இவ தூங்கிட்டே இருக்கா. பால் குடிக்க எழுப்பினா ரெண்டு வாய் சப்பறா, மறுபடி கண்ணை மூடிக்கறா."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"காலையில ரத்தம் எடுத்தாங்க. சுத்தமா இருக்கு, ரிசல்ட் தாள்ல நட்சத்திரம் எதுவும் இல்லைன்னு நர்ஸ் சொன்னா. பிறந்த களைப்புதானாம். இன்னொரு போட்டோ அனுப்பறேன், பாரு."

போட்டோ வந்தது. போய்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். "என்ன இவ, தயிர் மாதிரி வெள்ளையா இருக்கா. மாப்பிள்ளை வீட்டுக் கலரா?"

"இருக்கும்" என்றாள் மில்கா.

"நட்சத்திரம் இல்லைன்னு சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன? அதுவும் யாரோட நட்சத்திரம்? உன்னோடது. அக்டோபர்ல அந்த ஆஸ்பத்திரி லேபுக்குப் பிரின்டர் ரிப்பேர் பண்ணப் போனேன். கம்ப்யூட்டரை மூணு தடவை மாத்திட்டாங்க. உள்ள ஓடறது இன்னும் நீ எழுதின அதே புரோகிராம்தான்."

லிலோவுக்கு முகமெல்லாம் பெருமை. ரத்தப் பரிசோதனையின் அளவு நோயாளியின் வயதுக்கு ஒத்துவராவிட்டால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் அச்சாகும் ஏற்பாடு மில்காவின் யோசனை. நட்சத்திரம் உள்ள தாள் டாக்டர் கைக்கு ஓடும், இல்லாதது ஃபைலுக்குப் போகும். டாக்டர்களின் கண்ணுக்கு ஓய்வு கொடுத்த பெண் என்று அந்தக் காலத்தில் மேடையேற்றிப் பூச்செண்டு கொடுத்தார்கள்.

"இருபது வருஷம். ஒரு தப்பு கிடையாது" என்றார் லிலோவ்.

போய்கோ ரக்கியா சாராயக் கோப்பையைத் தூக்கினான். "புதுசா வந்தவளுக்கு நூறு வயசு!"

மில்காவின் கோப்பை உதட்டுக்குப் போகவில்லை. நூறு வயசு. அந்த இரண்டு வார்த்தையும் அவள் காதில் சிக்கிக்கொண்டன. ஏன் என்று புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"போய்கோ, லேபுக்கு எழுதினதுல எல்லைக்கோடு என்ன வெச்சேன்?"

"எந்த எல்லைக்கோடு?"

"வருஷத்துக்கு. எதுக்குக் கீழ ரெண்டாயிரம், எதுக்கு மேல ஆயிரத்துத் தொள்ளாயிரம்?"

போய்கோ வாயைத் திறந்தான். பதில் சொன்னது லிலோவ். "இருபது. நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

பிறக்கிற ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஓர் எண் தருகிறது. முதலில் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம், அடுத்து மாதம், அடுத்து நாள். இரண்டாயிரத்திலிருந்து பிறப்பவர்களுக்கு மாதத்தோடு நாற்பதைக் கூட்டுவார்கள். ஜனவரி என்றால் நாற்பத்தொன்று. மாதத்தில் நாற்பதைக் கண்டால் எந்த நூற்றாண்டு என்று குழந்தையும் சொல்லிவிடும். அரசாங்கம் உருப்படியாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று.

அதைத்தான் மில்கா தூக்கி எறிந்திருந்தாள். 1999 டிசம்பர் முப்பதாம் தேதி, நாற்பத்தொன்றாவது மாதம் என்று ஒன்று உலகத்தில் இல்லை என்று அவள் புரோகிராம் முரண்டு பிடித்தது. இன்னும் ஒன்பது புரோகிராம் பாக்கி இருந்தன. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. நாற்பதைக் கழித்துவிடு என்று ஒரே வரி எழுதி அதன் வாயை அடைத்தாள். நூற்றாண்டுக்கு வேறு குறுக்கு வழி வைத்தாள்: வருஷம் இருபதுக்குக் கீழே என்றால் இரண்டாயிரம், இருபதிலிருந்து மேலே ஆயிரத்துத் தொள்ளாயிரம். எண்பது தாண்டிய கிழடுகளுக்கு மட்டும் வயதைக் கையால் போட்டுக்கொள்ளட்டும். "2020-ல பொறக்கற குழந்தைக்கு என்ன பண்ணும்?" என்று போய்கோ அப்போதே கேட்டான். "அதுக்குள்ள இந்த டப்பாவை அடுப்புல போட்டிருப்பாங்க" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"அது அவளை 1920-ல பொறந்தவள்னு நினைக்குது" என்றாள் இப்போது. "நூறு வயசுக் கிழவியோட அளவை வெச்சு என் பேத்தி ரத்தத்தைப் பார்த்திருக்கு. கிழவிக்குச் சரியா இருக்கறது பொறந்த குழந்தைக்குச் சரியா இருக்குமா?"

ஆய்வகத்துக்கு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலினாவைக் கூப்பிட்டாள்.

"தாள்ல என்ன நம்பர் இருக்குன்னு கேளு. உடனே."

"தாள் என்கிட்ட எங்கம்மா இருக்கு? ஃபைல்ல போட்டிருப்பாங்க. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லை. அவளைத் தூங்க விடாதே. பாதத்தைத் தேய்ச்சுட்டே இரு. டாக்டரைக் கூப்பிடச் சொல்லு, நான் வரேன்."

"அம்மா, பயமுறுத்தாதே."

மில்கா போனை வைத்துவிட்டுக் கோட்டைத் தேடினாள்.

குடிக்காதவர் லிலோவ் ஒருவர்தான். அவருக்கு ரத்த அழுத்தம். அவருடைய பழைய லாடா காரில் ஏறினார்கள். தெருவெல்லாம் பனி. சாவகாசமான மனிதர், மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பச்சை விளக்கு எரியும் இடத்தில்கூட இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சார், கொஞ்சம் மிதிங்க" என்றான் போய்கோ.

"மரத்துல மோதினா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்லணும். மிதிங்க சார்" என்றாள் மில்கா. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தத் தயிர் நிறம் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த இரவு விளக்கு அணைந்தபோது வந்தது பயமே இல்லை, இதுதான் பயம் என்று தோன்றியது. அன்று உலகம் அழியும் என்று பயந்தாள். உலகம் பெரிசு, அது எப்படியோ தன்னைப் பார்த்துக்கொண்டது. இது இரண்டே முக்கால் கிலோ.

வாசலில் காவலாளி மறித்தான். "ஃப்ளூ. யாருக்கும் அனுமதி இல்லை."

மில்கா கெஞ்ச வாயெடுப்பதற்குள் போய்கோ கிளம்பும்போது கையோடு எடுத்துவந்த பழுப்பு நிற ரிப்பேர் பையைத் தூக்கிக் காட்டினான். "லேப்ல பிரின்டர் போச்சு. கூப்பிட்டிருக்காங்க."

"மூணு பேரா?"

"பழைய பிரின்டர்ப்பா" என்றான் போய்கோ. காவலாளி விலகினான்.

ஆய்வகத்தில் தோங்கா ஒருத்தி மட்டும் இருந்தாள். விடுமுறைக்காலம், இரண்டு ஆள் வேலை, போனை எடுக்கக்கூட நேரமில்லை. மில்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த விசைப்பலகை முன் உட்கார வைத்துத் தோங்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே மில்காதான்.

"அக்கா, பேத்தி பொறந்தாச்சாமே!"

"அவ தாளை எடு."

"அதுல ஒண்ணும் இல்லக்கா, சுத்தம்."

"எடு தோங்கா."

ஃபைலிலிருந்து எடுத்தாள். ஹீமோகுளோபின் லிட்டருக்கு நூற்றுப் பதினெட்டு கிராம். பக்கத்தில் வெறுமை. மேலே மூலையில், பொடி எழுத்தில், வயது: 100.

தோங்கா அதைப் பார்த்தாள், மில்காவைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். அவள் முகமும் வெளிறியது. "வயசை யாருக்கா பார்க்கறா? காலையிலேர்ந்து தொண்ணூறு தாள். நட்சத்திரத்தை மட்டும் பாருன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

குத்திக்காட்டச் சொல்லவில்லை, அழப்போகிறவள்போலத்தான் கேட்டாள். மில்காவுக்கு அதனால்தான் இன்னும் வலித்தது. "பொறந்த குழந்தைக்கு எவ்வளவு இருக்கணும்?"

"நூத்தி நாப்பதாவது இருக்கணும். இது ரொம்பக் கம்மி."

"நேத்து, இன்னைக்குப் பொறந்த எல்லாக் குழந்தைகளோட தாளையும் எடுத்துக் கையால பாரு" என்று சொல்லிவிட்டு மில்கா ஓடினாள். அறுபத்தொரு வயது, கனத்த பூட்ஸ், மூன்று மாடி. லிஃப்டைப் பார்த்தாள். நின்றுவிட்டால் என்ன செய்வது என்று படியில் ஏறினாள்.

டாக்டர் சின்னப் பெண். முப்பது மணி நேரமாக வேலை பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். காலினா சொல்லி அனுப்பியதை நர்ஸ் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நட்சத்திரம் இல்லாத குழந்தைக்காக எதற்கு எழுப்புவது என்று விட்டுவிட்டாள். மில்கா தாளை நீட்டினாள். டாக்டர் எண்ணை ஒரு தடவைதான் படித்தாள். ஒன்றும் கேட்காமல் எழுந்து ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மில்கா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இப்போது நூற்றுமூன்று. பிரசவத்துக்கு முன்பே குழந்தையின் ரத்தம் தாயின் பக்கம் கசிந்திருக்கிறது, இன்னும் சில மணி நேரம் தூங்கட்டும் என்று விட்டிருந்தால் எழுந்திருக்காது என்று டாக்டர் பின்னால் சொன்னாள். ரத்தம் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கையில் இரண்டு இடம், காலில் ஒரு இடம், கடைசியில் தலையில் கிடைத்தது. குழந்தை அழவில்லை. அழ வேண்டுமே என்று மில்கா தன் விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள். வராந்தா முனையில் லிலோவ் போனில் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் புரோகிராமை அந்த நாளிலேயே இன்னும் இரண்டு மருத்துவமனைகளுக்கு அவர் கொடுத்திருந்தார்.

குழந்தை அழுதபோது மணி நாலு. மெல்லிய, எரிச்சலான அழுகை. நர்ஸ் மில்காவுக்கு முகமூடி கட்டி உள்ளே விட்டாள்.

காலினா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. குழந்தையின் தலையில் சின்னக் குழாய் வழியாகச் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. காதுமடலில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"நட்சத்திரம் போட்டிருந்தா காலையிலயே தெரிஞ்சிருக்கும் இல்லையாம்மா?"

"ஆமா."

"ஏன் போடல?"

கம்ப்யூட்டர் கோளாறு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். இந்த உலகத்தில் எல்லோரும் நம்புகிற பதில் அது. "நான் தப்பா எழுதினதால" என்றாள் மில்கா. "அவசரத்துல எழுதினேன். அப்போ உனக்கு ஒன்பது வயசு."

காலினா அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று மில்கா நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"உக்காரு" என்றாள் காலினா. "நான் கண்ணை மூடணும். என்னால முடியல. ஆனா இந்த மெஷின் எதையும் நான் நம்பமாட்டேன். நீ அவ நெஞ்சுல கையை வெச்சுக்கோ. மூச்சை எண்ணு. நான் எந்திரிக்கற வரைக்கும் எண்ணு."

மில்கா உட்கார்ந்தாள். உள்ளங்கையைக் குழந்தையின் நெஞ்சின் மேல் பாரம் இல்லாமல் வைத்தாள். தலைமாட்டில் ஒரு திரையில் பச்சைக் கோடு ஓடியது. அதன் பக்கம் திரும்பவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாற்பதில் ஒரு மூச்சு தாமதமாக வந்தது, அவள் மூச்சும் நின்று வந்தது. நூறு வந்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.