தலையணை உறையில் வெந்த வைக்கோல்

மீரியாமா ஆன்ட்டியும் நானும் விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரே கிடங்கில் வேலை செய்கிறோம். அவர் லாரிகளை அனுப்புகிற பிரிவு, நான் உணவுப் பொருள்களின் தரம் பார்க்கிற பிரிவு. அவருக்கு அறுபது வயது, எனக்கு ஐம்பது. எல்லோரும் ஆன்ட்டி என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். வார இறுதிகளில் அவர்தான் தங்கள் மராயின் சமையலறையை நடத்துகிறார். மராய் என்பது மாவோரி மக்கள் கூடுகிற, விருந்தாளிகளை வரவேற்கிற, இறந்தவர்களைக் கிடத்தி அழுகிற இடம்.

மராயின் பின்னால் ஓடைக் கரையில் ஒரு பழைய பாப்லர் மரம் இருந்தது. போன வருடப் புயலில் சாய்ந்துவிட்டது. அந்த மரத்தில்தான் தாவாக்கா என்ற காளான் முளைக்கும். தடித்த காம்பு, வெளிர்ப் பழுப்புக் குடை. அவர்கள் காலங்காலமாகச் சாப்பிடுவது.

"மரம் போச்சு. இனிமே எங்களுக்கும் சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் டப்பாதான்" என்றார் ஒருநாள் டீ நேரத்தில்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கோயம்புத்தூரில் மூன்று வருடம் சிப்பிக் காளான் கொட்டகை நடத்தியவள் என்று சொல்லிவிட்டேன்.

"விழுந்த மரத்துலயும் கொஞ்ச நாள் முளைக்கும் ஆன்ட்டி. ஒண்ணு கிடைச்சா போதும், அதுலருந்து வித்து எடுத்துரலாம்."

"எடுத்து யாருக்குக் குடுப்ப?"

"உங்களுக்குத்தான்."

"வித்து எங்ககிட்டதான் இருக்கணும், பூங்கோதை. என்ன வளர்க்கிறது, எப்படிச் சமைக்கிறது, யாருக்குப் போடுறதுன்னு நாங்க முடிவு பண்ணுவோம். அதுக்குச் சரின்னா செய்."

சரி என்றேன்.

மராயின் பின்புறம் கிடந்த ஒரு பழைய கன்டெய்னரைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். விழுந்த மரத்தில் கிடைத்த ஒரு காளானிலிருந்து புட்டிகளில் வித்து தயாரானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கிழங்கு தோண்டிக்கொண்டிருக்க, நான் தனியாக வைக்கோலை நறுக்கி வேகவைத்தேன். வைக்கோலைத் துணிப் பையில் அடைத்து எண்பது டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமுக்கி வைக்க வேண்டும். ஊரில் இதற்குச் சாக்கு வைத்திருந்தேன். இங்கே வீட்டிலிருந்த பன்னிரண்டு பழைய தலையணை உறைகளை எடுத்துப் போனேன். எங்கள் வீட்டில் நைந்த வேட்டியைக் கிழித்துத்தான் இட்லித் துணி. பழைய பருத்தித் துணி என்றால் எனக்கு அது அடுப்படிக்குரியது. நன்றாகத் துவைத்திருந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

வெந்த வைக்கோலை ஆறவைத்து, வித்து தூவி, நீளமான பிளாஸ்டிக் பைகளில் அடைத்து இருபத்துநான்கு படுக்கைகள் கட்டித் தொங்கவிட்டேன். ஏழாவது வாரம் கொத்துக் கொத்தாக முளைத்தது. ஆன்ட்டி கன்டெய்னர் வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை மாத்தாரிக்கி விருந்து. அது அவர்களுடைய புத்தாண்டு. இருநூறு பேர் வருவார்கள். தாவாக்காவைத்தான் முதலில் பரிமாறுவது என்று ஏற்பாடு.

புதன்கிழமை மாலை கொஞ்சம் சமைத்துப் பார்க்கலாம் என்று சமையலறைக்குப் போனோம். நான் காளானை நறுக்க ஆரம்பித்தேன். புதிதாக உதவிக்கு வந்திருந்த பெண் ஒருத்தி, படுக்கிற கூடத்திலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"அதை எடும்மா" என்றார் ஆன்ட்டி. அதட்டவில்லை. "தலை வைக்கிறது சாப்பாட்டுக்குப் பக்கத்துலயே வரக் கூடாது." பிறகு என்னிடம் திரும்பி, "தலை எங்களுக்குத் தாப்பு. புனிதம்னு வெச்சுக்கோ. சாப்பாட்டையும் அதையும் கலந்தா ரெண்டும் கெட்டுரும்" என்றார்.

என் கையில் கத்தி அப்படியே நின்றது.

"இன்னைக்கு வேணாம் ஆன்ட்டி. இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்று சொல்லி, நறுக்கியதை ஒரு டப்பாவில் போட்டுக் கன்டெய்னரிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

"நீயே குவாலிட்டி பாக்குறவ. எண்பது டிகிரியில எந்தக் கிருமி இருக்கும்?" என்றார் சுப்பிரமணியன்.

"கிருமி இல்லைங்க."

"அப்புறம் என்ன? நீ சொன்னாத்தான் அவங்களுக்கே தெரியும். சொன்னா காளானும் போச்சு, உன்னையும் உள்ள சேக்க மாட்டாங்க."

"கால் மிதியைத் துவைச்சு, கொதிக்க வெச்சு, அதுல இட்லி ஊத்துனா சாப்பிடுவீங்களா?"

"சீ, சாப்பிடுறப்ப என்ன பேச்சு."

"கிருமி இல்லையே."

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "தெரியாம இருந்தா சாப்பிட்டிருப்பேன்."

"இருநூறு பேருக்குத் தெரியாமப் போடச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல, தாயே. திட்டு வாங்கிட்டு வந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்காத."

மறுநாள் டீ நேரத்தில் லாரி மேடையில் ஆன்ட்டி தனியாக இருந்தபோது சொல்லிவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்லாப் படுக்கையும் அதுலயா?"

"எல்லாமே."

"யாராவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல. நானும் சாப்பிடல."

"சரி."

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். "சுத்தம்தான் ஆன்ட்டி, நல்லா வெந்தது" என்றேன்.

"சுத்தமான்னு நான் கேட்டேனா?" அவர் குரல் உயரவில்லை. "ஆபீஸ்ல உன் சட்டம், நான் கேட்டுக்கிறேன். எங்க அடுப்புக்கு எங்க சட்டம். அதுக்காகத்தானே இதையே ஆரம்பிச்சோம்."

அவர் எழுந்து போய் மராயின் பெரியவர்கள் இருவரிடம் போனில் நீண்ட நேரம் பேசினார். திரும்பி வந்து முடிவைச் சொன்னார். காளான் சமையலறைக்குள் வராது. காய்கறித் தோட்டத்துக்கு உரமாகவும் போகாது. விழுந்த பாப்லர் பக்கத்தில் புதைத்துவிட வேண்டும்.

"புட்டியில இருக்கிற வித்து?" என்று கேட்டார்.

"அது உறையைத் தொடவே இல்ல."

"அப்ப அது இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை விடுமுறை. நானும் அவரும் குழி தோண்டினோம். முந்தின நாள் மழையில் மண் கனத்துக் கிடந்தது. பைகளைக் கிழித்து, இருபத்துநான்கு படுக்கைகளையும் காளானோடு உள்ளே இறக்கினோம். அவர் மாவோரியில் ஒரு பிரார்த்தனை சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றேன்.

"நாளைக்கு நான் வரட்டுமா ஆன்ட்டி?"

"உருளைக்கிழங்கு நாப்பது கிலோ இருக்கு. வராம?"

விருந்தன்று காலையிலிருந்து தோல் சீவினேன். கை மரத்துப்போனது. மதியம் ஒரு முதியவர் சமையலறை வாசலுக்கு வந்து, தாவாக்கா எங்கே என்று கேட்டார். நான் நிமிரவில்லை.

"செய்யிற விதத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. வித்து இருக்கு, மறுபடி செய்றோம்" என்றார் ஆன்ட்டி. யார் செய்த தப்பு என்று சொல்லவில்லை. அந்த முதியவரும் கேட்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து நின்றார். "இந்தத் தடவை கன்டெய்னருக்குள்ள நீ எது கொண்டு போனாலும் முதல்ல எங்கிட்ட காட்டணும்."

"எல்லாத்தையுமா?"

"கயிறு உட்பட."

திங்கட்கிழமை ஒரு பை நிறையக் கொண்டுபோய் லாரி மேடையில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். புதுக் காடாத் துணி பன்னிரண்டு மீட்டர், வெப்பமானி, சணல் கயிறு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கத்தரிக்கோலை மட்டும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாருக்காவது முடி வெட்டினியா?"

யோசித்தேன். வீட்டுக்காரருக்குக் காதோர முடியை அதில்தான் சரிசெய்துவிடுவேன்.

"ஆமா ஆன்ட்டி."

"வேற வாங்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.