இழுத்தாலும் பெருக்காத நாய்

ராஜபாளையத்தில் நாய்க் கண்காட்சி நடத்தும் சங்கையா, மைதான வரைபடம் போட ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்திருந்தார். பந்தல், போட்டி வட்டம், நாலு நாய் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து ஒரே குரூப்பாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

“இன்னும் அகலமா வேணும்மா” என்றார். ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மைதானத்தோடு நாய்களும் பெருத்துவிட்டன.

“என்னம்மா இது, பன்னிக் கண்காட்சியா? நம்ம நாய்க்கு வயிறு ஒட்டி இருக்கணும்.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. அகலம் கேட்டது அவர்தானே. ஒவ்வொரு நாயாகத் தொட்டு, குரூப்பை இழுத்தால் இடம் மட்டும் மாறட்டும், அளவு மாற வேண்டாம் என்று பூட்டுப் போட்டேன். மறுபடி இழுத்தேன். மைதானம் அகன்றது. நாய்கள் வயிறு ஒட்டித் தள்ளித் தள்ளி நின்றன.

சங்கையாவுக்கு முகமெல்லாம் பல். மூலையில் தன் போட்டோவையும் வைக்கச் சொன்னார். வைத்ததும் அதையே செத்த நேரம் பார்த்தார். வாசலில் யாரும் இல்லையென்று தெரிந்த பிறகு என் பக்கம் குனிந்தார்.

“நாய்க்குப் போட்ட பூட்டை எனக்குப் போட்டுறாதம்மா. என்னைய உசரவாக்குல கொஞ்சம் இழுத்து விடு, வயிறு ஒட்டட்டும்.”