ரொட்டி வரிசை

இரட்டைப் பிள்ளைகள்தான் என்றாலும் அவள் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டாள். அந்தக் கொஞ்சத்துக்காக வீட்டில் அவளைப் பெரிசு என்றும் தம்பியைச் சிறிசு என்றும் கூப்பிட்டார்கள். அப்பா பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஏழாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சண்டை வந்தால் பெரிசு கிள்ளுவாள், சிறிசு ஓடுவான். அதற்கு மேல் போனதில்லை.

சரித்திர டீச்சருக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவதில் நம்பிக்கை இல்லை. போர்க்காலம் பற்றிய பாடம் வந்ததும், "தேதியை மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது? ஒரு நாள் வாழ்ந்து பாத்தாத்தான் உறைக்கும்" என்றார். பள்ளியின் பழைய பட்டறைக் கூடம், எதிரிப் படை பிடித்துவிட்ட ஊராக மாறியது. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். மேசை மேல் ரொட்டித் துண்டுகள், வேண்டுமென்றே ஆட்களைவிடக் குறைவாக. வகுப்பில் பாதிப் பேர் ஊர் ஜனங்கள், அட்டையைக் காட்டி ரொட்டி வாங்க வேண்டும். மற்றவர்கள் காவலர்கள், கையில் கறுப்புப் பட்டையும் ஆளுக்கொரு கம்பும். எல்லோரும் காலையில் சாப்பிடாமல் வரவேண்டும் என்பதும் டீச்சரின் ஏற்பாடுதான். சீட்டுக் குலுக்கியதில் பெரிசுக்குக் கம்பு வந்தது, சிறிசுக்கு அட்டை.

காவலர்களைத் தயார் செய்தவர் விளையாட்டு வாத்தியார். "சிரிச்சீங்கன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான். குரலை உசத்துங்க, கம்பைத் தரையில தட்டுங்க. ஆனா யார் மேலயும் படக் கூடாது, புரியுதா?" என்றார். கால்பந்து அணித் தலைவனையே காவலர் தலைவனாகவும் போட்டார். அவனை வீட்டில் உள்ளவர்கள்கூட கேப்டன் என்றுதான் அழைத்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டுப் பெரியவர்கள் இருவரும் வெளியே நின்றார்கள். கூட இருந்தால் பிள்ளைகள் நடிப்பார்கள், தனியாக விட்டால்தான் உணர்வார்கள் என்பது டீச்சரின் கணக்கு. வாத்தியார் கையால் சுற்றும் அபாயச் சங்கை ஒலிக்க விட்டார். அந்த ஊளை கூடத்தின் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கியது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தன் அட்டையைத் தலைகீழாக நீட்டினான். கேப்டன் அதைப் பிடுங்கிக் கிழித்தான். "போ, கடைசில போய் நில்லு." அட்டை போனவனின் முகம் சுருங்கியதும் சிரிப்பு குறைந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண், "எனக்குத் தலை சுத்துதுடா, ஒரு துண்டு குடேன்" என்றாள். கேப்டன் அவளை முட்டி போட வைத்தான். சிமென்ட் தரையில் சரளைக் கற்கள் உதிர்ந்து கிடந்தன. அவள் எழப் பார்த்தபோது இன்னொரு காவலன் தோளை அழுத்தினான். யாரும் சொல்லித் தராமலே அவனுக்கு அது தெரிந்திருந்தது.

சிறிசுக்கு ரொட்டி கிடைத்தது. அவன் அதைப் பிய்த்துப் பாதியைச் சோடாபுட்டியின் கையில் வைத்தான்.

"ஏய், குடுக்கக் கூடாது. தண்டனை உண்டு" என்றான் கேப்டன். பிறகு பெரிசைப் பார்த்தான். "உன் தம்பிதானே? நீயே அடி."

"யார் மேலயும் படக் கூடாதுன்னு சார் சொன்னாரு."

"அப்போ பட்டையைக் கழட்டிட்டு நீயும் அவன் பக்கத்துல முட்டி போடு."

மற்ற காவலர்கள் அவளையே பார்த்தார்கள். சிறிசு தானாகவே கையை நீட்டினான். "சும்மா அடி பெரிசு. வலிக்காது" என்று கண்ணடித்தான்.

பெரிசு அவன் கையில் மெதுவாக ஒரு அடி போட்டாள். "இதென்ன கொசு அடிக்கிறியா?" என்றான் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள். சிறிசும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓங்கி அடித்தாள். அவன் கையை உதறிப் பின்வாங்கினான். அடுத்த அடி தோளில் விழுந்தது. முகத்தை மறைக்க அவன் முன்கையைத் தூக்கியபோது காய்ந்த மரக்கிளை ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவன் "அம்மா" என்று உட்கார்ந்தான். அவள் நிறுத்தவில்லை. கம்பு புருவத்தைக் கிழித்தது, முதுகில் இறங்கியது, மறுபடி முதுகில். அவன் கத்தக் கத்த அவள் கைக்கு வேகம் வந்தது.

வரிசை உடைந்தது. ஊர் ஜனங்கள் மேசையைப் புரட்டினார்கள். மணல் மூட்டையைக் கிழித்துக் காவலர்களின் கண்ணில் அள்ளி வீசினார்கள். கேப்டனைக் காலைப் பிடித்து இழுத்துத் தள்ளி, ரொட்டி வைத்திருந்த தகரத் தட்டின் விளிம்பால் தலையிலும் வாயிலும் அடித்தார்கள். முன்பல் ஒன்று ரத்தத்தோடு தரையில் தெறித்தது. முட்டி போட்டிருந்த சோடாபுட்டி தவழ்ந்து வந்து அவன் காதைக் கடித்தாள். பிடித்த பிடியை அவள் விடவில்லை. யாரோ பெரிசின் தலைமுடியைப் பற்றிச் சுவரில் மோதினார்கள். அப்போதுதான் கம்பு அவள் கையை விட்டு விழுந்தது.

வெளியே வாத்தியார் சங்கைச் சுற்றிக்கொண்டே, "பசங்க பின்றாங்க டீச்சர்" என்றார். டீச்சருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கதவுக்கு அடியில் ஒரு கை நீண்டு தரையைப் பிறாண்டுவதைப் பார்த்த பிறகுதான் ஓடினார்.

சிறிசைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்தான் அம்மாவின் சலவைக்கூடம் இருந்தது. ஈர உடுப்போடு படியேறி வந்தாள். மகனின் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கை வீங்கி வேறு யாருடையதோ போல இருந்தது.

"எவன்டா அடிச்சான்?"

சிறிசு கூரையைப் பார்த்தான்.

"நான்தாம்மா" என்றாள் பெரிசு.

அம்மா விட்ட அறையில் அவள் தள்ளுவண்டி மேல் போய் விழுந்தாள். எழுந்ததும் இன்னொன்று விழுந்தது. நர்ஸ் குறுக்கே வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அம்மா அந்த நர்ஸின் தோளிலேயே அழுதாள்.

மறுநாள் தலைமையாசிரியர் அறையில் விசாரணை நடந்தது. காதில் கட்டோடு கேப்டன், "விளையாட்டுன்னுதான் சார் நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வாத்தியார் டீச்சரைக் கைகாட்டினார். டீச்சர் யாரையும் கைகாட்டவில்லை.

"மொத அடியோட நிறுத்தியிருக்கலாமே, ஏம்மா?" என்று தலைமையாசிரியர் பெரிசிடம் கேட்டார்.

அவள் யோசித்துச் சொன்னாள். "மொதல்ல பயத்துல அடிச்சேன் சார். அப்புறம் பயம் போயிடுச்சு. அடிக்கிறது நல்லா இருந்துச்சு."

அப்பா நாற்காலியில் இருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளிலிருந்து அவர் பள்ளிக்கு வரவில்லை.

வீட்டில் சிறிசு அவளோடு பேசினான், ஆனால் பக்கத்தில் வரவில்லை. ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லாடுவான். அவள் கை நீட்டினால் உடம்பு தானாக ஒதுங்கும். அப்படி ஒதுங்கியதற்காக அவனே வெட்கப்படுவான். பெரிசு கை நீட்டுவதையே விட்டுவிட்டாள். பெஞ்சிலும் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டாள்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம், துணி காயும் மொட்டைமாடிக்கு அவளைத் தேடி வந்தான். கை மெலிந்து வெளுத்திருந்தது.

"ஒரே ஒரு தடவை நான் உன்னை அடிக்கணும்" என்றான்.

"அடி."

"கண்ணை மூடாதே."

மூடவில்லை. அவன் அந்தக் கையாலேயே அடித்தான். காதோடு சேர்த்து விழுந்த அடி. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. தலைக்குள் சங்கு ஊதியது. அவள் நிமிர்ந்தபோது அவன் கையை வயிற்றோடு அணைத்து மடங்கி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"கை போச்சுடி. வலிக்குது."

அவள் கொடியில் இருந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். உடனே தொடவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினான். அவள் துண்டைச் சுற்ற ஆரம்பித்தாள். அவன் உடம்பு ஒருமுறை அதிர்ந்தது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.