ஈரக் கம்பளி

கிளுவை வேலியின்மேல் கிடந்த கம்பளியிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது. செத்துக் கிடந்த புருஷன் ஆத்தப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த சின்னாத்தாள் அதைப் பார்த்துவிட்டாள். ஒப்பாரி பாதியில் நின்றது.

"அடிப் பாவி மகளே, அதைய எதுக்குடி தொவைச்சே?"

மருமகள் காளியாத்தாள் ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். நேற்றுப் பொழுதிறங்கும் நேரம் மாமன் கயிற்றுக் கட்டிலில் படுத்தவர் எழவில்லை என்றதிலிருந்து, வரப்போகிற உறம்பரைச் சனத்துக்காக அவள் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாத்தம் கொடலைப் புடுங்குச்சுங்க அத்தை. மாமன் மேல போத்தறதுக்கு நல்லா இருக்கோணும்னுதான்..."

"அந்த நாத்தந்தான்டி வேணும்!"

பாவம், அவள் திருப்பூர்க்காரி. ஆட்டுக்காரன் வீட்டுச் சாவு அவளுக்குப் புதுசு. பாடை கிளம்பும்வரை பட்டியைத் திறக்க மாட்டார்கள். வாசல் தாண்டியதும் செத்தவனுடைய கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு ஆள் ஒருவர் பட்டி வாசலை அடைத்திருக்கும் படலை எடுக்க வேண்டும். அந்த வாசனைக்குப் பின்னால் மந்தை ஊர் எல்லைவரை நடந்துவிட்டால் ஆடுகள் வீட்டில் தங்கும். நடக்காவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

"வராட்டிப் போகுது உடுங்கம்மா," என்றான் மகன் கந்தப்பன். பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறவன். காலை பஸ்ஸில் அப்படியே வந்திருந்தான், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. "ஆடு வாங்கற ஏவாரி வந்து வேப்பமரத்தடியில ஒக்காந்துட்டாரு. இனி மலைக்கு ஆரு போறது?"

வேலியோரம் நின்ற கருப்புசாமி தலையைக் குனிந்துகொண்டான். மலைக்காட்டு வாட்சர் அவன். ஆத்தப்பனையும் மந்தையையும் மலைக்குக் கூட்டிப்போக வந்து, சாவு வீட்டில் நுழைந்திருந்தான்.

சின்னாத்தாளுக்கு அந்த ஆடுகளைக் கண்டால் ஆகாது. சக்களத்தி என்றுதான் சொல்லுவாள். கட்டிக்கொண்டு வந்த வருஷத்திலிருந்து, கோடை பிறந்தால் மனுஷன் மந்தையோடு உடுமலைக்குத் தெற்கே மேல்மலைக்குப் போய்விடுவார். மழைக்காலம் முடியும்வரை இவள் ஒண்டியாகக் கிடப்பாள். காட்டிலாகாக்காரர்கள் மலையில் ஆடு மேய்க்கக் கூடாது என்று நிறுத்தியபோது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அப்புறம் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து தெற்கே நீலக் கோடாகத் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஆடு போகாத சரிவில் புல் இடுப்புயரம் முற்றிப்போனது. கோடையில் தீ பிடித்தது. மலையில் இருந்த வரையாடுகள் வேறு பக்கம் போய்விட்டன. போன வருஷம் ரேஞ்சரே ஆளனுப்பி, கொஞ்சம் ஆட்டை ஓட்டி வந்து மேய்த்துப் பாருங்கள் என்றார். போய்வந்த மனுஷன் தூக்கத்தில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"பனி மெல்லக் கலையுது சின்னாத்தா. நம்மாடு மேஞ்ச எடமெல்லாம் இளம்புல்லு. பாறை மேலருந்து வரையாடு எறங்குது, குட்டியோட. நம்மாட்டுக்குப் பக்கத்துலயே நிக்குது. ஓடீருமோன்னு நான் மூச்சே உடுல."

"எங்கூடச் சோறு திங்கையில ஒரு நா இப்பிடிப் பேசியிருக்கீங்களா?"

அவர் சிரித்தார். "ஒருவாட்டி வந்து பாரு."

"ஆமா, எனக்கு வேற சோலி இல்லை பாருங்க!"

இப்போது அவர் வாய் கட்டிக் கிடக்கிறார். ஒருவாட்டி போயிருந்தால் என்ன குறைந்து போயிருப்பாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். கந்தப்பன் ஈரக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு படலை எடுத்தான். விடிந்ததிலிருந்து பசியில் கத்திய ஆடுகள் சட்டென்று அடங்கின. முன்னால் நின்ற மொட்டைச்சி, கொம்பில்லாத கிழட்டு ஆடு, கம்பளியை மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் பின்வாங்கியது. அவன் கூப்பிட்டான். அதட்டினான். மந்தை மூலையில் போய் ஒடுங்கி நின்றது.

"பட்டி எந்திரிக்கலையப்பா," என்றார் யாரோ. ஏவாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். காளியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாடை தூரத்தில் புழுதிக்குள் மிதந்து போவதுபோல் இருந்தது. சின்னாத்தாள் எழுந்துவிட்டாள்.

"அம்மிணி, நீ வாசல் தாண்டப்படாது," என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். உதறினாள்.

"ஏய் மொட்டைச்சி! வெக்கங்கெட்ட சிறுக்கி! திங்க மட்டுந்தான் தெரியுமா? உன்னைய வளத்த மனுசன் அந்தா போறாரு, கல்லாட்ட நிக்கறயே, உனக்கு நல்ல சாவு வருமா?"

மொட்டைச்சி காதை நிமிர்த்தியது. தினமும் விடிந்தால் தண்ணித் தொட்டி நிறையும்போது கேட்கிற குரல், கேட்கிற திட்டு. அது பட்டியைத் தாண்டி வந்தது. பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. கந்தப்பனைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்து முட்டியில் உரசின.

அவள் நடந்தாள். நின்றால் அவையும் நின்றன. ஆகவே பொம்பளை போகாத வழியில், அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் பாடைக்குப் பின்னால் நடந்தாள். புழுதி வெயிலில் வெள்ளையாக எழுந்து அவளையும் ஆடுகளையும் மூடியது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. பனி இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாள். அவள் அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லைக் கல்லில் பாடை சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது. ஏவாரியைக் காணோம்.

"கருப்புசாமி, அங்க குளிருமா?"

"எலும்பைத் தொளைச்சுருமுங்க."

"ஊட்டு ஆளு ஒருத்தர் வந்தாப் போதுமில்ல?"

"போதுமுங்க."

கந்தப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சின்னாத்தாள் அவன் தோளிலிருந்து கம்பளியை உருவி, ஓரத்தைப் பிழிந்து, மொட்டைச்சியின் முதுகில் விரித்தாள்.

"சொமந்துட்டு வா. கருமாதி முடிஞ்சு மலைக்குப் பொறப்படறதுக்குள்ள இதுல அந்த நாத்தம் வந்தாகோணும்."

மொட்டைச்சி அதைச் சுமந்துகொண்டு வழியோரப் புல்லில் வாய் வைத்தது.